பன்னிரண்டு வோல்ட் புறவாசல்

தங்கப்பழம் தன் வீட்டுப் புறவாசலில் முதல் விளக்கைப் பொருத்திய மறுநாள் காலையில், துணி காயப்போடும் கயிறு அறுந்து கிடந்தது. வீட்டுச் சுவரில் ஒரு ஆணி, பின்மதிலில் ஒரு ஆணி, இரண்டுக்கும் நடுவே பல வருஷமாகத் தொய்ந்து தொங்கி, அவருடைய வேட்டிகளையும் சட்டைகளையும் முகம் சுளிக்காமல் சுமந்த நைலான் கயிறு அது, ராத்திரியோடு ராத்திரியாக முறுகி, விறைத்து, தாங்கமாட்டாமல் நடுவில் தெறித்துவிட்டது. அவர் முடிச்சுப் போட்டுக் கட்டப் பார்த்தார், எட்டவில்லை. முடிச்சில் கொஞ்சம் போயிருக்கும் என்று நினைத்து, ஒரு முழம் கயிறு சேர்த்துக் கட்டிவிட்டு ரேஷன் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அம்மா இருந்தவரை அம்மாவுக்காகத் தள்ளிப்போட்ட கல்யாணம், அம்மா போன பிறகு தானாகவே தள்ளிப்போனது. பகல் முழுக்கக் கடையில் நின்று, விரலை வையுங்க, துடைச்சிட்டு வையுங்க, பாமாயில் வரலை, துவரம்பருப்பு வரலை, அடுத்த வாரம் பாக்கலாம் என்று ஊருக்கே பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த வாய்க்கு அங்கே சோற்றைத் தவிர வேறு வேலை கிடையாது. டிவியைப் போட்டால் நமக்குப் பதில் சொல்லாத குரல்தான் கூடும் என்று அதையும் அணைத்தே வைத்திருந்தார்.

அவர் மனசுவிட்டுப் பேசுவது ஒருத்தியோடுதான், அதுவும் வாயால் இல்லை. பின்மதிலுக்கு அந்தப் பக்கம், சாயப்பட்டறைத் தெருவைப் பார்த்த வாசலோடு, செண்பகவடிவின் வீடு இருந்தது. வடிவு தையல்காரி, தனிக்கட்டை. சின்ன வயசுக் காய்ச்சலில் காது போய், காதோடு பேச்சும் போனது. நெஞ்சளவு மதிலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள், இரண்டு பேரும் பல வருஷமாக நின்று நின்று ஒரு கைப்பாஷையை உண்டாக்கியிருந்தார்கள். நாக்கைத் தொட்டுக் கையை விரித்தால் சீனி வரவில்லை. வயிற்றுக்கு முன்னால் பெரிய வட்டம் போட்டால் டீக்கடைப் பூல்பாண்டி. கட்டைவிரலால் நெஞ்சை அழுத்தினால் இன்றைக்கு மனசு சரியில்லை. அவள் மிஷினை மூடிவிட்டு வருவதற்கும் வெளிச்சம் போவதற்கும் நடுவே இருக்கிற கொஞ்ச நேரம்தான் அவர்களுக்கு. கை தெரியவில்லை என்றால் பேச்சு இல்லை.

அந்த ஐப்பசியில் ஒருநாள், வடிவு ஒரு சங்கதியை மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேகம் மூடி, கைகள் மங்கி, விரல்கள் மங்கி, கடைசியில் இருட்டுக்குள் ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரிந்தது. பாதியில் நின்ற பேச்சை நினைத்துக்கொண்டு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் விளக்குப் போடுவதென்று முடிவு செய்தார்.

கரண்டுக் கம்பத்திலிருந்து வயர் இழுக்க அவருக்குத் துணிவில்லை. மதில் மழையில் ஊறிப்போனது, வடிவு ஒருமுறை மிஷின் மோட்டாரில் ஷாக் அடித்து அரண்டு போனவள். அதனால் ஓட்டம் ஓய்ந்த ஆட்டோ ஒன்றின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை வாங்கி வந்து சமையல்கட்டு ஓரத்தில் வைத்தார், அதற்குத் தீனி போட மாடியில் சின்ன சோலார் தகடு ஒன்றைச் சாய்த்தார், பைக் இண்டிகேட்டர் பல்பைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் கவிழ்த்து, ஸ்பீக்கர் வயரில் கோத்து, டேப்பைச் சுற்றி, மதிலை ஒட்டி நட்ட மூங்கில் கழியில் தொங்கவிட்டார். அன்று சாயங்காலம் வடிவு பயந்து தள்ளி நின்றபோது, ஈரக்கையால் இரண்டு வயர் நுனியையும் பிடித்துக் காட்டிச் சிரித்தார். அவளும் தயங்கித் தயங்கித் தொட்டாள், எறும்பு கடித்த அளவுகூட இல்லை என்றதும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரட்டைக்குக் கீழே விழுந்த மஞ்சள் வெளிச்சத்தில் நேற்றைய சங்கதியைச் சொல்லி முடித்தாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஒருத்தி, வாங்க வருவதற்குள் பெருத்துப் போய், நீதான் தப்பாகத் தைத்தாய் என்று சண்டைக்கு நின்றாளாம், அவ்வளவுதான். இதற்காகவா தூங்காமல் கிடந்தோம் என்று நினைத்தார் தங்கப்பழம், இதற்காக இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள்தான் கயிறு அறுந்தது. அதற்கு மறுநாள் சேர்த்துக் கட்டிய கயிறும் அறுந்தது. மதில் அப்படியேதான் இருந்தது, பாசி அப்படியே, வெடிப்பு அப்படியே, சிரட்டை விளக்குத் தொங்கிய மூங்கில் கழி மட்டும் மதிலை விட்டு நாலு எட்டு இந்தப் பக்கம் நின்றது. புறவாசல் வளர்ந்திருக்கிறது, அதற்கென்ன செய்வது என்று, இன்னொரு சிரட்டை, இன்னொரு பல்பு, இன்னும் கொஞ்சம் வயர் எடுத்து, மதிலை ஒட்டி இரண்டாவது விளக்கைப் போட்டார். விடிந்தால் மதில் இன்னும் தள்ளி நின்றது. மூன்றாவது போட்டார். பன்னிரண்டு வோல்ட் தூரம் போகப் போகச் சோர்ந்துவிடும், கடைசி விளக்கு சீக்காளி கண் மாதிரி மினுங்கும், அதற்காகக் கனமான வயர் வாங்கி மாற்றினார், வயர் மாற்றிய பிறகு வெளிச்சம் தெளிந்தது, தெளிந்ததும் மதில் முன்னைவிட வேகமாகப் போனது. மதில் போகிறதே என்று விளக்கும், விளக்கைத் தாண்டி மதிலும், இப்படியே மார்கழி வந்துவிட்டது.

தங்கப்பழம் வீடு இருந்த பருத்திக் கிட்டங்கித் தெரு நெருக்கமான தெரு. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். நாலு பேர் நின்று பேச இடமில்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒருக்களித்தே நடந்து பழகிய ஜனங்களுக்கு, தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டுப் பின்னால் நிலம் வளர்கிறது என்ற செய்தி கிடைத்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் கேட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்து வழியாக வந்து மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், பிறகு வடகம், பிறகு மெத்தைகள், அப்புறம் ஆடுகள் வந்தன, ஆடுகளுக்குப் பின்னால் ஆட்டுக்காரர்களும் வந்தார்கள். கபடிக்குக் கோடு போட்டார்கள். ஒரு முருங்கைக் கிளையை நட்டு வைத்தார்கள், அதுவும் நிலத்தோடு போட்டி போட்டு மரமாகிக் காய்த்தது. கார் வைத்திருந்தும் நிறுத்த இடமில்லாமல் பக்கத்து ஊரில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், முடுக்கின் சுவரைக் கொஞ்சம் செதுக்கி, காரையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார், அளந்துகொண்டே போனவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். வளர்கிற நிலத்துக்குப் பட்டா போட வழியில்லை, வளர்ந்து முடிந்ததும் சொல்லுங்கள் என்று மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மற்ற வீட்டுக்காரர்களும் ரகசியமாகப் பேட்டரி வாங்கி, சிரட்டை கட்டி, விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்கெல்லாம் கொசுதான் வந்தது.

அதனால் எல்லாருக்கும் தங்கப்பழத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. ஒருவர் பழைய பேட்டரி கொடுத்தார், ஒருவர் வயர் கொடுத்தார், ஓட்டலில் தேங்காய் துருவுகிறவர் சிரட்டைகளைச் சாக்கில் கொண்டுவந்து போட்டார். சாயங்காலம் ஆனால் ஊரே அங்கேதான். அவர் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து பேட்டரியில் கிளிப்பை மாட்டியதும், சிரட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓவென்று கத்தும். அண்ணாச்சி இந்தப் பக்கம் மங்கலா இருக்கே, அண்ணாச்சி அந்த மூலைக்கு ஒண்ணு போடுங்களேன் என்பார்கள். அண்ணாச்சி சாப்பிட்டீங்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் தட்டை மடியில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டார். முன்பு காலியாக இருந்த வீட்டில் தனியாக இருந்தார், இப்போது நிறைந்த வீட்டில் தனியாக இருந்தார், இரண்டாவதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

வடிவோடு பேசுவது நாளுக்கு நாள் கஷ்டமானது. கடையை அடைத்துவிட்டு வந்து, மிளகாயையும் ஆடுகளையும் கபடியையும் தாண்டி, கோயிலுக்கு நடைப்பயணம் போகிறவர் மாதிரி அவர் நடந்து மதிலை அடைவதற்குள் பொழுது போய்விடும், விளக்கோ அவ்வளவு தூரம் வராது. டார்ச் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கை டார்ச்சுக்கு என்றால் பாஷை பாதியாகி, ஒற்றைக் கையில் வார்த்தைகள் திக்கின. வடிவுதான் வழி கண்டுபிடித்தாள். சிவப்பு சாட்டினில் முறம் அளவுக்கு இரண்டு கையுறை தைத்து, விரல் விரலாகப் பஞ்சு அடைத்து, மாட்டிக்கொண்டு நின்றாள். அவர் தோளில் போடும் துண்டுகள் இரண்டை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சுற்றிக்கொண்டார். அவர் தூரத்தில் நடந்து வரும்போதே அவள் பேச ஆரம்பித்துவிடுவாள், அவர் நடந்துகொண்டே பதில் சொல்வார். அந்த மொத்தைக் கைகளால் சின்ன விஷயம் எதையும் சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, நலமா, நாளைக்கு வருவாயா, இவ்வளவுதான் வந்தது. பிள்ளைகள் பின்னாலேயே வந்து அவரைப்போலக் கையை ஆட்டிச் சிரித்தார்கள்.

தை பிறந்த பிறகு ஒருநாள் அந்தச் சிவப்புக் கைகள் தெரியவில்லை. மறுநாளும் இல்லை. மதிலுக்கு அப்பால், மங்கின வெளிச்சத்தில், அவள் வீட்டுப் பின்கதவு சாத்தியிருப்பது மட்டும் தூரத்திலிருந்து தெரிந்தது. சாத்திய கதவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டார். கோபமா, சலிப்பா, இவ்வளவு தூரத்தில் நிற்கிறவனோடு என்ன பேச்சு என்று விட்டுவிட்டாளா? முன்வாசல் வழியாகப் போய்க் கேட்டுவிடலாம், கடைவீதியைச் சுற்றினால் அரை நாழிகை நடை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புறவாசலில் ஆணும் பெண்ணும் எத்தனை வருஷம் நின்று பேசினாலும் அது பேச்சாகக் கணக்கில் வராது, துணி காயப்போட வந்தவர்கள், தண்ணீர் இறைக்க வந்தவர்கள் என்று ஊர் கண்ணை மூடிக்கொள்ளும். தனியாக இருக்கிற பெண்ணின் முன்வாசலில் ஓர் ஆண் கால் வைத்தால், தைக்கத் துணி கொண்டு வந்திருக்க வேண்டும், அதையும் படிக்குக் கீழே நின்று நீட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். தங்கப்பழம் படியேறத் தைரியம் இல்லாமல், மதிலை எட்டிப்பிடிக்க இன்னும் இரண்டு விளக்குகள் போட்டார்.

மாசியில் பூல்பாண்டி மகள் கல்யாணம் அங்கேயே நடந்தது. பந்தல் போட்டு, பந்தலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி, ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்தும் நிலம் மிச்சம் இருந்தது. எல்லாரும் எழுந்து போன வரிசையில் தங்கப்பழம் மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பூல்பாண்டி வந்தான்.

"என்ன அண்ணாச்சி, விசேஷ வீட்டுல இப்பிடி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கீய?"

"எடம் வளர்ந்துக்கிட்டே போகுதே, பூல்பாண்டி. நானும் எவ்வளவுதான் வெளக்கு போடுவேன்? மதிலு கண்ணுக்கே தெரிய மாட்டேங்கு."

மகளைக் கட்டிக்கொடுத்த சந்தோஷத்தில் பூல்பாண்டிக்கு வாய் நழுவியது. "நீங்க வெளக்கு போடப் போடத்தான அண்ணாச்சி அது வளருது. போடாட்டா எங்க வளரப் போவுது?"

"என்னல சொல்லுத?"

"தெருவுக்கே தெரியுமே! அன்னைக்கு முருங்க மரத்துப் பக்கம் ஒரு பல்பு பியூஸ் போச்சு. விடிஞ்சா அவ்வளவு எடத்தக் காணோம், கபடிக் கோட்டுல பாதி போச்சு. நீங்க கடைக்குப் போயிருந்தீய, நாந்தான் ஓடிப்போய் ஒரு பல்பு வாங்கிட்டு வந்து மாட்டுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

"சொன்னா கழத்திருவீயளோன்னுதான்..." என்று இழுத்த பூல்பாண்டி, பேச்சை மாற்றுகிறதாக நினைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் பிச்சையா பேத்தி சடங்கு இருக்கு, அதுக்குப் பொறவு பள்ளிக்கூட ஆண்டு விழா. அந்தக் கடேசிப் பக்கம் இன்னும் நாலு வெளக்கு கேக்காவ அண்ணாச்சி" என்றான்.

தங்கப்பழம் இலையை மூடிவிட்டு எழுந்தார். அவளிடம் போய்ச் சேர என்று அவர் கட்டிய ஒவ்வொரு சிரட்டையும் அவளைத் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறது, அதை ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது. அவருக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் போய், ஆட்டை ஓட்டிட்டுப் போங்க, மிளகாயை அள்ளுங்க, காரை எடுங்க, இனி விளக்கு எரியாது என்று சொன்னார். அண்ணாச்சிக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சிரித்தார்கள். வெயில் சாய்ந்ததும் கிளிப்பைக் கழற்றி, பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முடுக்கு வழியாகத் தெருவில் இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி, சார்ஜ் போடப் போறீயளா?"

"இல்ல. வடிவு வீட்டுக்குப் போறேன்."

அந்த ஒரு வார்த்தை அவருக்கு முன்னால் ஓடி, கடைவீதியைச் சுற்றி, அவர் சாயப்பட்டறைத் தெருவில் நுழையும்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலையை நிறுத்தி வைத்திருந்தது. வடிவின் கதவு திறந்திருந்தது. இன்னும் பகல் வெளிச்சம் இருக்கிற நேரத்தில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, அவள் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை. தங்கப்பழம் படியேறினார். அவருடைய நிழல் துணியில் விழுந்ததும் மிஷின் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பேட்டரியைப் பார்த்தாள், தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் பேட்டரியை வெட்டுமேஜை மேல் இறக்கிவிட்டு, மரத்துப்போன கைகளை உதறிக் கேட்டார், ஏன் வரவில்லை?

வடிவு அவர் சட்டை நுனியைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பின்கதவின் தாழை நீக்கித் திறந்தாள். வெளியே வெளி இல்லை. நிலைக்கு வெளியே, விரல் நுழைகிற சந்துகூட விடாமல், அவருடைய மதில் நின்றது. நெஞ்சளவுக்கு மேலே எட்டிப் பார்த்தால், முடிவில்லாமல் விரிந்து கிடந்த அவருடைய நிலமும், கடைசியில் ஒரு புள்ளியாக அவருடைய வீடும் தெரிந்தன. அவள் பக்கத்தில் இருந்த கிணற்றடி இல்லை, துவைகல் இல்லை, செவ்வந்திப் பாத்தி இல்லை.

எப்போதிருந்து என்று கேட்டார்.

முதல் விளக்கிலிருந்து, என்றன அவள் விரல்கள். கையை ஒரு சாண் விரித்துக் காட்டினாள், தினமும் எனக்கு இவ்வளவு போகும். இரண்டு கையையும் அகல விரித்தாள், உங்களுக்கு இவ்வளவு கூடும்.

"ஏன் சொல்லல?" தங்கப்பழம் வாய்விட்டே கேட்டுவிட்டார், பிறகு கையால் கேட்டார்.

வடிவு விரல்களால் மெதுவாகச் சொன்னாள். உங்கள் பக்கம் எவ்வளவு ஆட்கள். பிள்ளைகள், கல்யாணம், பந்தி. உங்கள் வீட்டுக்கு மனுஷர்கள் வந்துவிட்டார்கள், இனிமேல் நீங்கள் தனியாகச் சாப்பிட மாட்டீர்கள் என்று நினைத்தேன். அதற்கு என் கிணற்றடி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பின்கதவைத் தாண்டி வர முடியாமல் போன பிறகு, நீங்கள் என்னைத் தேட மாட்டீர்கள் என்றும் நினைத்தேன்.

அவர் அழுதார். மறைக்கத் தெரியாமல், மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழ அழ அவர் கைகள் சொன்னன, அத்தனை பேரில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை, விளக்கோடுதான் பேசினார்கள். அவள் மிஷினில் தொங்கிய துண்டுத் துணி ஒன்றை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். நானும் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை என்று சொன்னாள்.

பொழுது இறங்கியது. மிஷினுக்கு எதிரே, வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் அவர் உட்கார்ந்தார், அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள், டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டு பேரும் மாசக்கணக்கில் சேர்ந்து கிடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். பின்கதவுப் பக்கம் மதில் மண்ணை உரசிக்கொண்டு அவர் வீட்டுப் பக்கமாகத் திரும்பி நகர்ந்தது. முதலில் ஒரு கீற்றுக் காற்று உள்ளே வந்தது.

மதில் நகர நகர, பருத்திக் கிட்டங்கித் தெரு முழுக்க வடிவின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கைகளில் மிளகாய்ச் சாக்கும் ஆட்டுக்குட்டியுமாக, மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்கள். பூல்பாண்டி முன்னால் வந்தான்.

"அண்ணாச்சி, வேற பேட்டரி மாட்டிப் பாத்தாச்சு. வெளக்கு எரியுது, எடம் நிக்க மாட்டேங்கு. பந்தக்கால் எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கி. நீங்க வந்து ஒரு தடவ மாட்டுங்க, அது போதும்."

தங்கப்பழம் கையை உயர்த்திப் பதில் சொன்னார். நீளமாக, நிதானமாக, இத்தனை மாசமும் அவர் நெஞ்சில் இருந்த அத்தனையையும் சொன்னார். வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்கே தெரியவில்லை.

"என்ன சொல்லுதாரு?" என்று பின்னால் இருந்த ஒருத்தி கேட்டாள். யாருக்கும் புரியவில்லை.

பூல்பாண்டியின் குரல் மாறியது. "அண்ணாச்சி, பொம்பள தனியா இருக்க வீடு. வெளக்கு வச்ச நேரம். ஊரு என்ன பேசும்னு யோசிச்சுப் பாத்தீயளா? மரியாதையா வெளிய வாங்க."

வடிவுக்கு அது காதில் விழவில்லை. ஆனால் அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்காகப் பல முகங்களில் பார்த்திருக்கிறாள். அவள் எழுந்து போய், படிக்குக் கீழே நின்ற அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தங்கப்பழம் உள்ளே இருந்தார்.